கிளம்ப மறுத்த புல்வெட்டி

நான்கு மாதங்கள் சும்மா கிடந்த புல்வெட்டியைச் சென்ற மாதம் வெளியே எடுத்து, பெட்ரோல் ஊற்றி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கைப் போட்டு, கயிற்றை முப்பது தடவைக்கு மேல் இழுத்தும் அது கிளம்பவில்லை. இடையில் இரண்டு மூன்று முறை இருமியது. ஒருமுறை கயிற்றை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. சிறு எஞ்சின் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். பயனில்லை. மறுநாள் மீண்டும் கழற்றினேன். முந்தைய நாள் நானே துடைத்து வைத்த கார்புரேட்டரில் புதிதாக என்ன அழுக்கு கிடைத்திருக்கும்? கோளாறு அதற்கு ஒரு சாண் தள்ளி, எஞ்சினின் தண்டோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலுக்குள் இருந்தது.

ஸ்பானரை எடுக்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த எஞ்சின் கடைசியாக எப்படி நின்றது? இன்று எந்த விதத்தில் கிளம்ப மறுக்கிறது? ஒழுங்காக ஓடி, நாமே அணைத்து, மாதக்கணக்கில் மூலையில் கிடந்த எஞ்சின் என்றால் பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். வாரத்துக்கு வாரம் இழுவை குறைந்து, புகை கூடி, பின்னர் ஒருநாள் கிளம்பாமல் போனது என்றால் ஏர் ஃபில்டர், கரி படிந்த சைலன்சர் வலை, வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிலாவது மோதி நின்றிருந்தால், அது முற்றிலும் வேறு கதை.

இரண்டாவது கேள்விக்கு ஸ்பார்க் பிளக்கே பாதி பதிலைச் சொல்லிவிடும். சோக்கைப் போட்டு ஏழெட்டு முறை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் முனை உலர்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பது தெரியும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. உலர்ந்த பிளக்காக இருந்தால் பிளக் துளை வழியாக அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான புதுப் பெட்ரோலை விட்டு, பிளக்கை இறுக்கமாக மாட்டி இழுத்துப் பார்க்கலாம். ஓரிரு விநாடிகள் ஓடி நின்றுவிட்டால், தீப்பொறியும் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தமும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன, குறை எரிபொருள் வரும் வழியில்தான் இருக்கிறது என்பது உறுதி. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நான் அதைச் செய்யாமல் இரண்டு நாள்களைத் தொலைத்தேன்.

எரிபொருள் வழியில் குறை இருப்பதுதான் அதிகம் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகளே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுகின்றன. டேங்கில் கிடக்கும்போது முதலில் பறந்துபோவதும் அவைதாம். மிச்சம் நிற்பது நாளடைவில் பிசினாக மாறி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான ஜெட்டுகளில் படிகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் பெட்ரோலை எடுப்பது டேங்கின் அடியிலிருந்துதான். ஆகவே பழைய பெட்ரோலின் மேலேயே புதியதை ஊற்றிவிட்டு, “புதுப் பெட்ரோல் போட்டும் கிளம்பவில்லை” என்று வருந்துவதில் பொருளில்லை. டேங்கை முழுவதும் காலி செய்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ளதையும் ஒரு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அது நீர், அல்லது நீர் கலந்த எத்தனால். பல புல்வெட்டிகளில் அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே முதன்மை ஜெட் துளை இருக்கும். அதை மட்டும் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் துளையைத் திறந்தாலே வேலை முடிந்துவிடுவதுண்டு; முழுக் கார்புரேட்டரையும் இறக்கத் தேவையில்லை. துளைக்குள் எஃகுக் கம்பியை விடக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் கலவை என்றைக்கும் சரியாகாது.

எஞ்சின் கிளம்பி, சோக்கை எடுத்தவுடன் நின்றுவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். சோக் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறது. அந்த உதவி இருந்தால்தான் ஓடுவேன் என்று எஞ்சின் அடம்பிடித்தால், கலவை ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று பொருள்: ஒன்று ஜெட் பாதி அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் வழியாகக் காற்று புகும்.

தோளில் மாட்டிப் புதர் வெட்டும் இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களின் கார்புரேட்டரில், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவைக்குப் பதிலாக ரப்பர் போன்ற ஒரு சவ்வு (டயாப்ரம்) இருக்கும். அது விறைத்துப்போனால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கார்புரேட்டருக்குப் பெட்ரோலை இழுக்கும் பிரைமர் குமிழை அழுத்தும்போது பெட்ரோல் நிரம்பாமல் வெறும் நுரையாக வந்தால், டேங்குக்குள் இருக்கும் மெல்லிய குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே ஊற்ற வேண்டும்: 50:1 கலவை என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். கண்ணளவில் ஊற்றும் கைகள் பிளக்கைக் கரியாக்குகின்றன.

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், அநேகமாக அது நாமே செய்த வினை: சோக்கைப் போட்டபடி அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம். பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலேயே பத்து முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். அப்போது பெட்ரோல் புகையாகத் தெறிக்கும் என்பதால், பிளக் வயரைத் துளைக்கு அருகில் விடக் கூடாது. தீப்பொறிச் சோதனையையும் அந்த நேரத்தில் செய்யக் கூடாது. எல்லாம் ஆவியான பிறகு, பிளக்கை வயரில் செருகி, துளையிலிருந்து தள்ளி, அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி பிடித்து இழுத்தால் நீலப் பொறி தெரிய வேண்டும். பல நான்கு ஸ்ட்ரோக் சிறு எஞ்சின்களில் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை.

பொறியே இல்லையென்றால், பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயிலை வாங்க ஓடுவதற்கு முன், அணைக்கும் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்த வயர் எங்காவது உரசி எஞ்சினின் உடலைத் தொட்டால், சுவிட்ச் எப்போதும் அணைத்த நிலையிலேயே இருப்பதற்குச் சமம். எண்ணெய் அளவு குறைந்தால் பொறியை நிறுத்திவிடும் சென்சார் உள்ள எஞ்சின்களும் உண்டு. அவற்றில் எண்ணெய்க் குச்சியை முதலில் பார்ப்பது மரியாதை.

குளிரில் கிளம்பி, ஓடிச் சூடான பின் மட்டும் கிளம்ப மறுத்தால், காயில் அல்லது வால்வு இடைவெளியைச் சந்தேகிப்பேன். கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் நூல்போல் வந்தால் அழுத்தம் போய்விட்டது. அது வீட்டில் அரைமணியில் தீரும் வேலை இல்லை.

என் புல்வெட்டிக்கு வருகிறேன். பெட்ரோல் வந்தது, பிளக் நனைந்தது, பொறியும் நீலமாகவே இருந்தது. இத்தனையும் இருந்தும் கிளம்பாத எஞ்சினில் எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: பொறி சரியான கணத்தில் வருகிறதா? ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போதுதான் பொறி உண்டாகிறது. அந்தக் கணத்தை நிர்ணயிப்பது ஃப்ளைவீலைத் தண்டில் நகராமல் நிறுத்தும், சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டு. பல புல்வெட்டிகளில் அது மென்மையான உலோகத்தாலானது. பிளேடு கடினமான எதிலாவது மோதினால் வெட்டுப்படும். நான்கு மாதங்களுக்கு முன், புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு வேரில் பிளேடு இடித்து எஞ்சின் சட்டென்று நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று வேலை ஏறக்குறைய முடிந்திருந்ததால் அப்படியே தள்ளிக்கொண்டுபோய் வைத்துவிட்டேன். கயிறு என் கையைப் பிடுங்கியபோதே புரிந்திருக்க வேண்டும். நேரம் தவறி முன்கூட்டியே பற்றிய நெருப்பு, பிஸ்டனைப் பின்னால் தள்ளியதன் அடையாளம் அது.

பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் ‘புல்லர்’ என்ற கருவியைக் கொண்டு ஃப்ளைவீலைத் தூக்கிப் பார்த்தேன். சாவி முழுவதும் அறுபடவில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரளவு நகர்ந்து படியாக நின்றது. தண்டு வளைந்திருக்கிறதா என்று பிளேடைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், நல்ல வேளையாக வளையவில்லை. புதுச் சாவியைப் போட்டு, நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே 0.25 மி.மீ. தகட்டை வைத்துச் சரிசெய்து மூடினேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. இரண்டு முறை கழுவிய கார்புரேட்டரும் அதன் பங்குக்கு நன்றாகவே வேலை செய்கிறது.