என்னோட 310 உங்க கடையில என்ன நம்பரு?

போன மாசம் மதினியோட தங்கச்சிக்குத் திருமங்கலத்துல கல்யாணம். மொகத்துக்குத் தோல் கலர்ல தடவுற ஃபவுண்டேஷன், எப்பவும் போடுற மேபெலின் ஃபிட் மீ 310, அடிமட்டத்துக்குப் போயிருச்சு, தலகீழா கவுத்தி வச்சு ரெண்டு நாள் ஓட்டியாச்சு, சரின்னு மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனா அந்த நம்பர் இல்லக்கான்னுட்டாங்க. அங்க நின்ன பொண்ணு "இதுவும் அதே கலருதாங்க்கா"ன்னு வேற கம்பெனி பாட்டில எடுத்து மணிக்கட்டுல ஒரு இழுப்பு இழுத்துச்சு, ட்யூப்லைட்ல நல்லாத்தான் தெரிஞ்சுச்சு, "ஃபங்ஷனுக்குத்தான, ஒரு ஷேடு வெளுப்பா ஏத்திப் போட்டாத்தான் போட்டோல எடுப்பா இருக்கும்"னு ஒரு பிட்டையும் போட்டுச்சு. நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

தாலி கட்டி முடிஞ்சு பந்திக்கு வெளிய நிக்கிறப்ப அப்பத்தா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. "ஏத்தா, மொகத்துக்கு வெள்ளையடிச்சவ கழுத்த விட்டுட்டியே, சுண்ணாம்பு பத்தலயா?" பக்கத்துல நின்ன சித்தி சிரிச்ச சிரிப்பு இருக்கே... அன்னைக்குப் பூரா முந்தானையால கழுத்த மூடிக்கிட்டே திரிஞ்சேன்.

தப்பு என்னன்னா இந்த நம்பர செருப்பு சைஸ் மாதிரி நெனச்சதுதான். செருப்புன்னா ஏழாம் நம்பர் எந்தக் கடையிலயும் கிட்டத்தட்ட ஏழுதான். ஃபவுண்டேஷன்ல அப்படி பொது அளவே கெடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கிற நம்பர், பேரும் அப்படித்தான், ஒருத்தன் பீஜ்ங்கிறது இன்னொருத்தன்கிட்ட ஹனியா இருக்கும். நம்பரோட ஒட்டி வர்ற எழுத்த நம்பலாம்னு பாத்தா அது அதுக்கு மேல. நெறைய பிராண்டுல டபிள்யூன்னா வார்ம், மஞ்சச் சாயல். மேக்ங்கிற (MAC) கம்பெனில அப்படியே உல்டா, மஞ்சச் சாயல் இருக்கவுங்களுக்கு என்சி, ரோஸ் சாயலுக்கு என்டபிள்யூ. நம்ம மஞ்சத்தோல்காரிக டபிள்யூவத் தேடிப்போய் எடுத்தா மொகம் ரோஸ் பவுடர் அப்புன மாதிரி ஆயிரும்.

இத்தனைக்கும் எல்லா பாட்டில்லயும் உள்ள இருக்கது பெரும்பாலும் அதே நாலு கலருதான், மஞ்ச, செவப்பு, கருப்பு அயர்ன் ஆக்ஸைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு. ஷேடு ஏத்தி எடுத்தா அந்த வெள்ளைதான் கூட வருது, அது மாநிறத்து மேல உக்காந்தா செவப்பாகாது, சாம்பல் பூத்துப் போகும். எனக்கு ஆனது அதேதான். (செவப்பாகணும்னு யாரு கேட்டா, அது தனிச் சண்டை.)

மறுவாரம் பழைய பாட்டிலயும் கையோட எடுத்துக்கிட்டு வேற கடைக்குப் போனேன். தாடையிலருந்து கழுத்துக்கு எறங்குற மாதிரி பழைய 310 ஒரு கோடு, பக்கத்துலயே புதுசு ரெண்டு கோடு, தேய்க்காம விட்டுட்டு அப்படியே வாசப்படிக்கு வந்து வெயில்ல கண்ணாடி பாத்தேன், ரோட்டுல போறவுக எல்லாம் ஒரு மாதிரியாத்தான் பாத்தாய்ங்க, பாக்கட்டும். ஃபோன் கேமராவ நம்பவே கூடாது, அதுவாவே கலர மாத்திக் காட்டும். உடனே முடிவும் பண்ணக்கூடாது, ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க, சிலது காஞ்சு எண்ணெய் வேர்வையோட சேந்ததும் ஒரு சுத்து கருத்துரும். அதுல ஒண்ணு அப்பவே கழண்டுச்சு.

இன்னொரு கூத்து, ஸ்கூட்டில துப்பட்டாவ மூக்கு வரைக்கும் கட்டிக்கிட்டுப் போறதுல என் நெத்தி ஒரு கலரு, கன்னம் ஒரு கலரு. அதுனால நான் மேட்ச் பண்றது கழுத்துக்குத்தான், நெத்தியில கொஞ்சமா தடவிக்கிருவேன்.

கடைசில எடுத்தது பேர்ல 310க்கும் அதுக்கும் ஒரு ஒட்டும் இல்ல, ஆனா தோல்ல ரெண்டு கோட்டையும் என்னாலயே பிரிச்சு சொல்ல முடியல. அந்த வெள்ளையடிச்ச பாட்டில் முக்கால்வாசி அப்படியே கெடக்கு, ஃபிட் மீலயே 310-அ விட கருத்த 330 ஒண்ணு வாங்கி அதோட கலந்து பாக்கணும். சித்திரை வெயில் வேற வருது, அழகர வரவேற்கிற எதிர்சேவைக்கு நின்னுட்டு வந்தா எப்படியும் நானே ஒரு ஷேடு எறங்கிருவேன்.