பிரேமைக் கழற்றினால் தெரியும்

பாரிஸில் ஒரு பிரேம் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஓவிய அச்சுகளைச் சேகரிப்பவர்கள் புது பிரேம் போடத்தான் எங்களிடம் வருவார்கள். பழைய பிரேமைக் கழற்றித் தாளைத் தனியாக மேசையில் வைக்கும்போதுதான் அதன் உண்மைக் கதை வெளியே வரும். கனவுபோன்ற காட்சிகளைத் தீட்டிய சர்ரியலிச ஓவியர்களின் அச்சு என்றால், அதுவும் ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி என்றால், நான் கையெழுத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

வாங்குபவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். கீழே வலது பக்கம் பென்சில் கையெழுத்து, இடது பக்கம் 87/150 என்று ஒரு எண். 150 பிரதிகளில் இது 87ஆவது. சரி, ஆனால் அந்த 150-க்கு வெளியே ஓவியருக்கென்று ஒதுக்கிய பிரதிகள், விற்பனைக்கு அல்லாதவை என்று குறித்தவை, ஜப்பான் தாளில் ரோமன் எண் போட்ட தனி வரிசை என்று இன்னும் பல இருக்கும். மொத்தம் எத்தனை அடித்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

டாலி வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974இல் அந்தோராவுக்குப் போன ஒரு வண்டியைப் பிரெஞ்சுச் சுங்கத்துறை நிறுத்தியபோது, அவர் கையெழுத்திட்ட 40,000 வெற்றுத் தாள்கள் அதில் இருந்தன. அப்படிப்பட்ட தாளில் பிறகு யார் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கையெழுத்து அசலாகவே இருக்கும், படத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஒருமுறை ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் டாலி அச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். 1970களில் அச்சானது என்று சான்றிதழும் வைத்திருந்தார். தாளை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். ஆர்ஷ் என்ற பிரெஞ்சுக் காகித ஆலையின் நீர்க்குறி, அதாவது வெளிச்சத்தில் மட்டும் தெரியும் தாளின் அடையாளம், தெரிந்தது, அதை ஒட்டி முடிவிலிக் குறியும் தெரிந்தது, படுக்கப் போட்ட எட்டு மாதிரி. அந்தக் குறி ஆர்ஷ் தாளில் வந்தது 1980இல். உருப்பெருக்கியில் பார்த்தால் நிறங்களெல்லாம் ஆஃப்செட் அச்சின், அதாவது புத்தகம், சுவரொட்டி அடிக்கும் இயந்திர அச்சின், சின்னச் சின்னப் புள்ளிகள். பிரேம் போடுவதற்கு முன் டாலியின் அச்சுகளை ஆல்பர்ட் ஃபீல்ட் தொகுத்த 1996 பட்டியலோடு ஒப்பிடத் தெரிந்த நிபுணர் ஒருவரிடம் காட்டச் சொன்னேன். இப்படிச் சொல்லும் நாட்கள் எனக்குப் பிடிக்காது. அவர்கள் ஆசையாக வாங்கியது.

அதே மேசைக்கு நல்ல அச்சும் வரும். 1927இல் பாரிஸில் ஆங்கிலேய அச்சுக் கலைஞர் ஹேட்டர் தொடங்கிய அத்தெலியே 17 என்ற அச்சுப் பட்டறையில் மீரோ, எர்ன்ஸ்ட், மாஸோன் போன்ற சர்ரியலிச ஓவியர்கள் எல்லாரும் வேலை செய்தார்கள். உலோகத் தகட்டில் செதுக்கி அடித்த அச்சு என்றால், தகட்டின் விளிம்பு தாளில் பதிந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். மெட்ராஸ் கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணா ரெட்டி பின்னாளில் அந்தப் பட்டறையை ஹேட்டரோடு சேர்ந்து நடத்தினார் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு டாலியின் 'தெய்வீக நாடகம்' வரிசையைத்தான் காட்டுவேன். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் அதே பெயருள்ள காவியத்துக்காக அவர் தீட்டிய 100 நீர்வண்ணப் படங்களை ஏறக்குறைய 3,500 மரக்கட்டைகளில் செதுக்கி, நிறம் நிறமாக ஏற்றி அச்சடித்தார்கள். பெரும்பாலானவற்றில் பென்சில் கையெழுத்து கிடையாது. பின்னால் யாரோ பென்சிலில் போட்டுவிட்டு விலை ஏற்றிய பிரதிகளும் சந்தையில் உண்டு. அதனால் கையெழுத்து இல்லாததையே வாங்கச் சொல்வேன். மை அதேதான், தாளும் அதேதான், விலை மட்டும் குறைவு.