லப்டொப்பும் வருதோ?

கொழும்பு வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் போகிற பஸ் இரவு எட்டரைக்கு. ஆறு மணிக்கே கட்டிலில் பையை விரித்து வைத்துவிட்டேன். சாரம் இரண்டு, வேட்டி ஒன்று, சேர்ட் நாலு, அம்மம்மாவின் முழங்காலுக்குத் தைலம், மாமாவுக்குக் கேக். எல்லாம் அடுக்கின பிறகும் பையின் முதுகுப் பக்கத்து அறை வெறுமையாகக் கிடந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"லப்டொப்பும் வருதோ?"

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"இல்லை, வாறதெண்டா அதுக்கும் ஒரு சீற் புக் பண்ணியிருக்கலாம்."

கிண்டல்தான். ஆனால் அதற்கென்று ஒரு சீற் இல்லாததுதான் இரவு பஸ்ஸில் பெரிய வில்லங்கம். மேல்தட்டில் வைத்தால் நித்திரை வராது. காலடியில் வைத்தால் முன்சீற்றுக்காரர் சாயும்போதெல்லாம் நெஞ்சு பக்கென்னும். மடியில் வைத்தால் யாழ்ப்பாணம் மட்டும் 400 கிலோமீற்றருக்குப் பிள்ளை தூக்கின கதைதான். ஒருமுறை பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு நித்திரையாகிவிட்டேன். முறிகண்டியில் பஸ் நின்றதும் அரைத் தூக்கத்தில் எழும்பி இறங்கப்போய், பையும் நானுமாக நடைவழியில் விழுந்தோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபட முன்னம் என் முழங்கால் உடைபட்டது.

நிறுத்தும் பார்த்திருக்கிறேன். லப்டொப், சார்ஜர், மவுஸ் எல்லாம் சேர்த்து 2.7 கிலோ. பஸ்ஸில் யாரும் நிறுக்கப் போவதில்லை. சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிறவர்களுக்கு அப்படியில்லை. கைப்பைக்கு 7 கிலோ என்று கணக்குப் பார்க்கிற விமானத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேலே இதுவே தின்றுவிடும். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பவும் மனம் வராது. பவர்பாங்கைப் பெட்டிக்குள் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணிக்குக் கீழே இருந்தால் கேள்வியில்லை. கடைகளில் விற்கிற 20,000 மில்லி அம்பியர் பவர்பாங்க் ஏறக்குறைய 74தான் வரும், பயப்படத் தேவையில்லை.

போன் இருக்கிறதுதானே, லப்டொப் எதற்கு என்று கேட்பீர்கள். என் தொழில் அப்படி. மெய்ப்பு பார்க்கிறேன், மொழிபெயர்க்கிறேன், கோயில் மலர், பாடசாலை மலர் என்று வந்ததைச் செய்கிறேன். கூடுதலாக வருவது அந்தியேட்டிக் கல்வெட்டு, செத்தவரின் நினைவாக அச்சடிக்கிற புத்தகம். ஒருவர் மோசம்போய் 31ஆம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அந்தத் திகதியை ஒருவரும் தள்ளிவைக்க முடியாது. பதிப்பகங்களில் பாதி இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஓடுகிறது. பாமினியில் அடித்த 'அம்மா'வைப் போனில் திறந்தால் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். முழுக் கல்வெட்டும் அப்படித் தெரிந்தால், செத்தவரே எழும்பி வந்தாலும் தன் கதை என்று கண்டுபிடிக்க மாட்டார்.

இந்த நியாயத்தைச் சொல்லித்தான் முதல் முறை கொண்டுபோனேன். கோண்டாவிலில் அம்மம்மா வீட்டில் விட்டிருந்தால் போதும். நெடுந்தீவுக்கும் காவினேன், அதுதான் விசர் வேலை. பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று பஸ் போய்க் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வள்ளத்தில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, படிப்பிக்கப் போகிற ஆசிரியர்கள். எல்லாருக்கும் நடுவில் நான், மூன்று சொப்பிங் பாக்கில் சுற்றிய லப்டொப்பை நெஞ்சோடு அணைத்தபடி. நடுக்கடலில் ஓர் அலை யன்னலால் வந்து தெளித்தது. பக்கத்தில் இருந்த அம்மா தன் தலையைத் துடைக்க முதல் என் பையைத் துடைத்துவிட்டு, "குழந்தையோ தம்பி?" என்று கேட்டா. நான் இல்லை என்று சொன்னதை அவ நம்பினதாகத் தெரியவில்லை.

மாவலித்துறையில் இறங்கி, ஓட்டோ பிடித்து, கல்வேலிகளைப் பார்த்துக்கொண்டு போகிறேன். முருகைக் கல்லைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின வேலி. வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி. போன் அடித்தது.

"அண்ணை, நெடுந்தீவிலயோ நிக்கிறியள்? நல்லது. லப்டொப் கையில இருக்கோ?"

அந்தக் கேள்விக்கு ஓம் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் படித்தேன். அடுத்த நாள் அச்சுக்குப் போகிற கல்வெட்டு. வம்சாவளிப் பக்கத்தில் மூத்த மருமகனின் பெயர் விட்டுப்போயிருந்ததாம். இளைய மருமகன் இரண்டு இடத்தில் வந்திருந்தாராம். இந்த மாதிரிப் பிழையால் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணி வெயில். திரையைத் திறந்தால் என் முகம்தான் தெரிகிறது. ஓட்டோக்காரத் தம்பி கொண்டுபோய் நிறுத்தினது பெருக்குமரத்தடியில். அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். யானைக்கால் போலத் தடித்த அடிமரம், அதில் ஆள் குனிந்து நுழையக்கூடிய பொந்து. நுழைந்தேன். உள்ளே இருட்டு, மரத்தின் ஈர மணம், வௌவால் எச்சமோ என்னவோ ஒரு காரல். திரை பளிச்சென்று தெரிந்தது. போனிலிருந்து இணையம் எடுத்து, முழங்காலில் வைத்து, மூத்த மருமகனைக் குடும்பத்தில் சேர்த்தேன். வெளியே பாடசாலைச் சுற்றுலாப் பிள்ளைகள் மரத்தோடு படம் எடுக்கக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சின்னப் பெடியன் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "டீச்சர், உள்ளுக்கு ஒபிஸ் இருக்கு!"

கோப்பு ஏறி முடிய வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது. நெடுந்தீவுக் குதிரைகளை நான் இன்னும் பார்க்கவில்லை.

நல்லூரிலும் இதே தலையிடிதான். ஆம்பிளைகள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அங்கே பூசை மணிக்கூட்டுக்கு நடக்கும், உங்களுக்காகக் காத்திருக்காது. மற்றவன் செருப்பை விட்டுவிட்டுப் போகிறான். என் செருப்புக்கு ஆபத்தில்லை, அது அறுந்த செருப்பு. பையை என்ன செய்வது? கச்சான் விற்கிற ஐயா ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். முருகனுக்கு முன்னால் கண்ணை மூடினால் கச்சான் கடைதான் தெரிந்தது.

அடுத்த முறை, போடா என்று விட்டுவிட்டுப் போனேன்.

இரண்டு நாள் சொர்க்கம். கீரிமலைக் கேணியில், மதிலுக்கு அந்தப்பக்கம் உப்புக்கடல் அடிக்க, இந்தப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுத்தளவுக்கு அமிழ்ந்து கிடந்தேன். பின்னேரம் மாமி ஒடியற்கூழ் காய்ச்சினா. நண்டு, இறால், பலாக்கொட்டை, பயத்தங்காய், மரவள்ளி எல்லாம் போட்டு, கிடாரத்தைச் சுற்றிக் குந்தியிருந்து, பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தின தட்டுவத்தில் உறிஞ்சினோம். மூக்கால் தண்ணி ஓட ஓடக் குடித்தால்தான் கூழ். போன் அடித்தது. கை முழுக்கக் கூழ் என்று எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், "லப்டொப் இல்லை" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஒரு கோப்பு வந்தது. தட்டிக்கழிக்க முடியாத ஆள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில், பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி நடக்கிற போட்டோக்கொப்பிக் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு கொம்பியூட்டர் இருந்தது. பாமினியும் இருந்தது. ஆனால் விசைகளில் எழுத்து தேய்ந்து போயிருந்தது, பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். மெய்ப்பு என்பது நாலு பேர் மூச்சு விட விடப் பார்க்கிற வேலையில்லை. ஒருமாதிரி முடித்து, பென்ட்ரைவைக் கழற்றித் திரும்பச் செருகினால், என் கோப்புகள் எல்லாம் குறுக்குவழிப் படங்களாக மாறி நின்றன. வைரஸ்.

அந்தப் பென்ட்ரைவுக்குள்தான் அப்பப்பாவின் நாட்குறிப்பைத் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். மூன்று மாத வேலை, வேறு பிரதி இல்லை. கடைப் பெடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அண்ணை, இது அழிக்காது, ஒளிச்சு வைக்கும்" என்று சொல்லி, பத்து நிமிடத்தில் மீட்டுத் தந்தான். அந்தப் பத்து நிமிடமும் நான் குடிக்க வாங்கின சோடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

பின்னேரம் பஸ் ஏற ரவுணுக்குப் போகும் வழியில் பொது நூலகத்தைத் தாண்டினேன். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி சிலை. 1981இல் அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. அதில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அதையும் என் பென்ட்ரைவையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் ஊரில் சிலர் 2005இலிருந்து பழைய புத்தகம், பத்திரிகை, மலர், கல்வெட்டு என்று கண்டதையெல்லாம் ஸ்கான் பண்ணி 'நூலகம்' இணையத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் வயிற்றுக்குள்ளால் விளங்கியது. கொழும்புக்கு வந்ததுமே நாட்குறிப்பை மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஆகவே லப்டொப் தொலைந்தால் என்ன செய்வது என்ற பயம் இப்போது இல்லை. தொலைந்தால் தொலைவது காசுதான்.

அப்போ, இந்த முறை? மனைவி கேட்டுவிட்டுப் போய் அரை மணித்தியாலம் ஆகியும் அறை வெறுமையாகத்தான் இருந்தது. ஒபிசுக்குக் கொண்டுபோகவில்லை என்று முதல்நாளே சொல்லியாயிற்று. அப்போதுதான் மாமா போன் எடுத்தார்.

"மருமோன், கனடாவில இருந்து பெடியன்ர கலியாண வீடியோ பென்ட்ரைவில வந்திருக்கு. ரீவியில செருகினா ஏலாது எண்டு சொல்லுது. அம்மா மூண்டு நாளாச் சாப்பாட்டையும் விட்டுட்டு அதைப் பற்றியே கதைக்கிறா. போனில காட்டினா எறும்பு ஊருற மாதிரியாம்."

லப்டொப் வந்தது. மடியில்தான்.

கோண்டாவில் வீடு அம்மப்பா காலத்துக் கரண்ட் வேலை. பிளக் எல்லாம் உருண்டை மூன்று துளை. என் சார்ஜர் கொழும்பில் வாங்கினது, சதுரக் கால். நாட்டில் இப்போது சதுரந்தான் சட்டமாம். சுவருக்கு அது தெரியாது. அடப்டரைக் கொழும்பில் மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். (இந்தியாவிலிருந்து வருகிறவர்களே, உங்கள் சின்ன உருண்டைக்கால் பழைய வீடுகளில் பொருந்தும், புது ஹோட்டல்களில்தான் முழிக்க வேண்டி வரும்.) மாமா சைக்கிளில் சந்திக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார். செருகினோம். ஐந்து நிமிடம் ஏறியிருக்கும், எங்கேயோ மரக்கிளை முறிந்து வயரில் விழ, கரண்ட் போய்விட்டது. பற்றரி 41 வீதம்.

"போடு ராசா, அது காணும்" என்றா அம்மம்மா.

விறாந்தையில் ஸ்ரூலுக்கு மேல் லப்டொப். ஒழுங்கையில் வேறு எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லை என்பதால் முன்வீடு, பக்கத்துவீடு எல்லாம் கதிரையோடு வந்தாயிற்று. பொன்னுருக்கலிலிருந்து தொடங்குகிறது. மூன்று மணித்தியால வீடியோ. நான் கொஞ்சம் ஓட்டிவிடப் பார்த்தேன்.

"ஓட்டாத. எல்லாற்ற முகத்தையும் பாக்கவேணும்."

பார்த்தா. ஸ்காபரோ மண்டபத்தில் வந்து இறங்கின ஒவ்வொருவரையும் நிறுத்தச் சொல்லி, இது இன்னாற்ற பேத்தி, இது காதும் மூக்கும் அப்பிடியே தாயின்ர, இவன் தலைமயிரை எங்க விட்டவன் என்று பார்த்தா. திரையின் ஓரத்தில் 19 என்றது, 11 என்றது. வெளிச்சத்தைக் குறைத்தேன். மாப்பிள்ளை தலைப்பாகையோடு மணவறைக்கு வந்தார். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். கூறை மாற்றப் பொம்பிளை உள்ளே போனா. திரும்பி வந்தா. மேளகாரர் நாதஸ்வரத்தைத் தூக்கினார். திரை கறுத்தது.

விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. நுளம்பு மட்டும்.

"தாலி கட்டினவனோ?" என்றா அம்மம்மா.

"கட்டி ஆறு மாசம் அம்மா" என்றார் மாமா.

"நான் பாக்கேல்லையே."

பவர்பாங்கை எடுத்துக் காட்டினேன். என் லப்டொப் பழசு, அதிலிருந்து ஏறாது. மாமா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். 90களில், சண்டைக் காலத்தில், ஊருக்குள் பற்றரி வரத் தடை, கரண்டும் வருஷக்கணக்கில் இல்லை. "அந்த நேரம் இதைக் கொண்டுவந்து பிடிபட்டிருந்தா நேர உள்ளுக்குத்தான்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அம்மம்மா இருட்டில் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தா.

"சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சுத்தினா ஓடாதோ? அப்ப நாங்கள் அப்பிடித்தானே ரேடியோ கேட்டனாங்கள்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் அந்த ரேடியோவுக்குப் பெடல் சுற்றின ஆள். செய்தி முடியுமட்டும் கை மாற்றி மாற்றிச் சுற்றுவாராம். டைனமோ எத்தனை வாட்ஸ் என்று என்னைக் கேட்டார். 3 என்றேன். சார்ஜர்? 65.

"அப்ப இருவத்திரண்டு சைக்கிள்" என்றார். பிறகு ஒழுங்கைப் பக்கம் திரும்பி, விரலை மடித்து எண்ணத் தொடங்கினார். "எங்கட ரெண்டு. முன்வீட்டில மூண்டு. வாத்தியார் வீட்டில ஒண்டு, அது காத்துப் போய்க் கிடக்கு…"