“சித்தி, பஸ் லேட்டா?”

அக்காவின் விவாகரத்து வழக்கில், பிள்ளை யாரிடம் இருப்பது என்று கேட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தோம். கடலூர் மஞ்சக்குப்பம் குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் என் அக்கா மகன் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு 8 வயது. காலை பத்து மணிக்குப் போனோம், டவாலி பெயரைக் கூப்பிடும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. அதற்குள் எங்கள் அம்மா, அதாவது அவனுடைய ஆயா, இருபது தடவையாவது அவன் காதில் ஓதியிருப்பார்: “ஜட்ஜம்மா கேட்டா அம்மாகிட்டதான் இருப்பேன்னு சொல்லணும், அப்பா அடிப்பாருன்னு சொல்லணும், சரியா?” மாமா அவனை ஒரு நாளும் அடித்ததில்லை. (அக்காவும் அவரும் பிரிந்த பிறகும் எனக்கு வாயில் மாமா என்றுதான் வருகிறது.) அடித்ததில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நீதிபதி எங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. அவனை மட்டும் சேம்பருக்குக் கூப்பிட்டு இருபது நிமிடம் பேசினார். காலையில் யார் எழுப்பிவிடுவார்கள், கணக்கு யார் சொல்லித்தருவார்கள், ஜுரம் வந்தால் ராத்திரி யார் பக்கத்தில் படுப்பார்கள், அப்பாவின் புதுச்சேரி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் யாரோடு சாப்பிடுவாய், இவ்வளவுதான் கேட்டாராம். யாரிடம் இருக்கப் பிடிக்கும் என்று கேட்கவே இல்லையாம்.

இப்போது இதை எழுதக் காரணம், தெரிந்த ஒரு பெண் போன வாரம் என்னிடம், “அக்கா, கேஸ் போட்டா பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?” என்று கேட்டாள். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். ஆனால் அங்கே பார்ப்பது வேறு. 1890-ல் வந்த காப்பாளர் சட்டமும் சரி, இந்துக்களுக்கான 1956-ஆம் வருடச் சட்டமும் சரி, பிள்ளையின் நலனைத்தான் முதலில் வைக்கின்றன. 5 வயது முடியாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956 சட்டம் சொல்கிறது. அதை வைத்து, 5 முடிந்தால் தானாக அப்பாவிடம் போய்விடும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. வயது, பழகிய இடம், பள்ளிக்கூடம், கேட்கிறவரின் நடத்தை எல்லாவற்றையும் பார்ப்பார்கள், சொந்தமாக யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். சம்பளம் யாருக்கு அதிகம் என்பது மட்டும் எதையும் முடிவு செய்யாது. பிள்ளைகள் பெற்றவர்களின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது, அதுவும் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், ரோசி ஜேக்கப் என்கிற ஒரு தாயின் வழக்கில்.

மாமா முதலில் புதுச்சேரியில் தனியாக ஒரு மனு போட்டிருந்தார். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் 1890 சட்டப்படி மனு போட வேண்டும், இவன் படித்தது கடலூரில், அதனால் அது நிற்கவில்லை. அதற்குள் நாங்கள் இரண்டு வாய்தாவுக்குப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்வந்துவிட்டோம். விவாகரத்து வழக்கு நடக்கும்போது, இந்துத் திருமணச் சட்டம் 26-ஆவது பிரிவில் அந்தக் கோர்ட்டே பிள்ளையின் பொறுப்பு, செலவு, படிப்பு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடலாம். தீர்ப்பு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம், இடைக்கால உத்தரவு கிடைக்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை அப்பாவோடு, பெரிய லீவில் பாதி நாள் அப்பா வீட்டில், வாரத்துக்கு இரண்டு வீடியோ கால். அப்புறம் மாதாமாதம் ஜீவனாம்சம்.

இந்த ஜீவனாம்சத்தில்தான் நாங்கள் தப்பு செய்தோம். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. ஸ்கூல் பீஸ் கட்ட அக்கா வளையலை அடகு வைத்தாள். அந்தக் கோபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு, “பணம் தராதவருக்குப் பிள்ளை எதுக்கு, நாளைக்கு வராதீங்க” என்று சொல்லிவிட்டாள். பிள்ளையிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் எட்டு மணிக்கே குளித்து, ஷூ போட்டு, தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். பதினொன்றரை மணிக்கு என்னைப் பார்த்து, “சித்தி, பஸ் லேட்டா?” என்றான். நான் ஷூவைக் கழற்றப் போனேன், காலை இழுத்துக்கொண்டான்.

எங்கள் வக்கீல் அம்மா அன்றைக்கு அக்காவைத் திட்டிய திட்டு மறக்காது. பணம் வரவில்லையா, நிறைவேற்று மனு போடு, வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்பாவைப் பார்ப்பது அந்தப் பிள்ளைக்கு உள்ள உரிமை, அதைக் கடனுக்கு ஈடாகப் பிடித்து வைக்க உனக்கு அதிகாரம் இல்லை என்றார். மனு போட்டோம், பாக்கி வந்தது. அதே மாதிரி, பார்க்க விடவில்லை என்று சொல்லி அப்பா பணத்தை நிறுத்தவும் முடியாது. 2020-ல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கு. வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்கு போன் செய்து கேளுங்கள்.

மாமா மேலும் குறை உண்டு. பீச்சுக்குக் கூட்டிப்போய் சுண்டல் வாங்கிக் கொடுத்துவிட்டு, “உங்கம்மா யார்கூட போன் பேசுறா?” என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி பிள்ளை சாப்பிடவில்லை. ஒருவர் மேல் மற்றவர் பிள்ளையின் மனதில் வெறுப்பை ஏற்றுவதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017-ல் விவேக் சிங் வழக்கில் விரிவாகப் பேசியிருக்கிறது, அது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் என்று. கோர்ட் கவுன்சிலர் இதைச் சொன்னபோது மாமா தலையைக் குனிந்துகொண்டார், எங்கள் அம்மாவும்தான்.

இப்போது அவனுக்கு 11. சனிக்கிழமைகளில் அண்ணா மைதானத்தில் ஃபுட்பால் பயிற்சி, அதனால் அப்பாவைப் பார்க்கும் நாளை மாற்ற வேண்டியிருக்கிறது. பிள்ளை வளர வளர இந்த உத்தரவுகளை மாற்றிக்கொள்ளலாம், எதுவும் கல்வெட்டு இல்லை. அக்காவும் மாமாவும் சேர்ந்தே மனு போடப் போகிறார்கள். நேரத்தை அவனையே எழுதச் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை என்று எழுதிக் கொடுத்தான். ஏழு மணி நேரத்தைப் பன்னிரண்டாக ஆக்கியிருந்தான். அக்கா ஒரு நிமிடம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், அப்புறம் அப்படியே மடித்து வக்கீலிடம் கொடுக்கும் காகிதக் கட்டுக்குள் வைத்தாள்.