சித்திரையில் வந்து அளந்து பாருங்கள்

ஐப்பசியில் எடுத்த தண்ணீர் ரிப்போர்ட்டைக் காட்டி ‘மண்ணில் கசிந்த டீசல் போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. நிலத்தடி நீர் மாதிரி எடுப்பதுதான் என் பிழைப்பு. டெல்டாவில் தண்ணீர் ஏறும்போது எண்ணெய் ஒளிந்துகொள்ளும்.

மன்னார்குடி பக்கம் ஒரு பழைய ஆலை. ஜெனரேட்டருக்காக மண்ணுக்குள் புதைத்த டேங்க், அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை. பின்பக்கத் தெருவில் ஓர் ஆயா அடிபம்பில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினார். “மோந்து பாருப்பா, இதுல எப்படி உலை வைக்கிறது?” மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. குடிநீரில் கனிம எண்ணெய் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆயாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை, மூக்கே போதும்.

ஆலைக்குள் ஐந்து கண்காணிப்புக் குழாய்கள் இறக்கினோம். முதல் அளவு சித்திரையில். மீட்டரின் முனையை மெல்ல இறக்கினால் எண்ணெய் தொட்டதும் விடாமல் கத்தும், தண்ணீர் தொட்டதும் விட்டு விட்டுக் கத்தும். இரண்டாம் குழாயில் பதினெட்டாவது அடியில் கத்தத் தொடங்கியது, நிற்கவே இல்லை. நீர் மொள்ளும் ஒல்லிக் குழலான, கண்ணாடிபோன்ற பெய்லரை விட்டு மேலே தூக்கினேன். அடியில் கலங்கிய தண்ணீர், அதன் தலையில் நாலு விரற்கடை உயரத்துக்குத் தேநீர் நிறத்தில் டீசல். லிட்டருக்கு ஏறக்குறைய 830 கிராம்தான் இருக்கும், மிதக்காமல் என்ன செய்யும்? கையுறையைக் கழற்றியும் சாப்பிடும்போது விரலில் வாடை.

மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, மழையும் பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் அதே குழாயில் ஆறு அடியிலேயே தண்ணீர். எண்ணெய் இல்லை. ஆலைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா சார், எல்லாம் கழுவிட்டுப் போயிடுச்சு.”

எங்கேயும் போகவில்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது டீசலும் கூடவே இறங்கி மணலில் பூசிக்கொண்டே போகிறது. மறுபடி தண்ணீர் ஏறும்போது பாதி எண்ணெய் மணலின் இடுக்குகளில் மாட்டி, நீருக்கடியிலேயே நின்றுவிடுகிறது, குழாய்க்குள் வராது. நீர் இறங்கினால்தான் வடிந்து வரும். இந்த ஆலையில் பூசிய அந்தப் பட்டை பன்னிரண்டு அடி. ஏறி இறங்காத ஊரில் இவ்வளவு கனமாகப் பூசாது.

சரி, எப்படி எடுப்பது? மிதப்பதைப் பம்பு வைத்து உறிஞ்சலாம். அது சுலபமான பாதி. மணலில் ஒட்டியதற்குக் காற்றுதான் மருந்து. காற்று ஊதும் மெஷினால் மண்ணுக்குள் மெதுவாகக் காற்றை அனுப்பினால், அங்கேயே இருக்கும் நுண்ணுயிர்கள் டீசலைத் தின்னும். விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அப்படி விசேஷக் கிருமி எதுவும் தேவைப்படவில்லை, மண்ணில் இருந்ததே போதும். ஆனால் தண்ணீர் நிற்கும் மண்ணுக்குள் காற்று போகாது. ஆக எங்களுக்குக் கிடைத்தது பங்குனி முதல் ஆனி வரைதான்.

மேல்மண் வேறு கதை. டீசல் ஊற்றும் வாய்ப்பக்கம் சிந்திச் சிந்தி நாலடிக் களியும் ஊறிப்போயிருந்தது. தோண்டி கனத்த பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பினோம். களி கட்டிகட்டியாக இறுகி, உள்ளே காற்று போகாமல் ஒரு மாதம் வீண். அப்புறம் பக்கத்து ரைஸ்மில்லில் உமி வாங்கிக் கலந்தோம். மண் பொலபொலவென்று ஆனது. கூடவே நுண்ணுயிர்களுக்கு உரமாக யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது கைக்கணக்கு. வாரம் ஒருமுறை புரட்டினோம். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. கூலிக்கு வந்த அண்ணன் சிரித்தார், “எங்கப்பா எருக்குழியிலேயும் இதைத்தான் செஞ்சாரு.”

மூன்றாவது சித்திரையில் இரண்டாம் குழாயில் மெல்லிய படலம்தான், மீட்டர் ஒரு நொடி கத்தி விட்டுவிட்டது. வேலை முடிந்தது என்று ஆலைக்காரர் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை. ஆயாவின் பம்பில் குடிக்கக் கூடாது என்று அடித்த சிவப்புப் பெயிண்ட் இன்னும் இருக்கிறது, கைப்பிடியைக் கட்டிய கம்பியும். தெருமுனைக் குழாயில் குடம் வைத்துவிட்டு, “எப்ப தம்பி தொறப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். இன்னொரு சித்திரை பார்க்க வேண்டும் ஆயா என்றேன்.