வீட்டில் படித்த மகள் பத்தாம் வகுப்பு எழுதியது எப்படி?

ஆறாம் வகுப்பின் நடுவில் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். கோவையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: "போலீஸ், கேஸ் என்று ஏதும் வந்துவிடாதா?"

சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது அதன் 10ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. அதனால் அனுமதி வாங்கவும் இடமில்லை. எனக்குத் தெம்பு தந்தது 4ஆம் பிரிவு. இடையில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. சரி, ஒத்துவராவிட்டால் அரசுப் பள்ளி இருக்கிறது என்று துணிந்தோம்.

அடுத்தது தேர்வு. தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் படிக்காமல் நேரடியாக, எழுதலாம். அப்புறம் பத்தாம் வகுப்பும் அப்படியே. கேம்பிரிட்ஜ் என்ற வெளிநாட்டு வாரியத்தின் தேர்வுக்கு எங்கள் வருமானம் போதாது. நாங்கள் தேர்ந்தது மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியை (என்.ஐ.ஓ.எஸ்). 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குச் சுய உறுதிமொழி போதும். ஐந்து பாடங்கள், பதிவு செல்லுபடியாகும் 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதே மகளுக்குப் பெரிய நிம்மதி. முதலில் மூன்று பாடங்களை எழுதினாள், அடுத்த பருவத்தில் மீதி இரண்டை.

நாங்கள் தவறவிட்டது ஒப்படைப்புகளை, அதாவது வீட்டில் எழுதி அனுப்ப வேண்டிய அசைன்மென்ட்களை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்குத்தான். பெயருக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டோம். நன்றாக எழுதிய பாடத்தில் அவள் மதிப்பெண் குறைந்தபோது மனசு கனத்துப் போனது, தப்பு என்னுடையது. பதிவு முடிந்ததுமே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வில் தனியாகத் தேற வேண்டும், ஆகவே என்.ஐ.ஓ.எஸ். படிப்பு மையங்களில் ஆய்வகம் உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்று, இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் வேறொன்று என்று இருந்தால் 13 வயதுக்குள் சரிசெய்துவிடுங்கள். பழைய பள்ளியிலிருந்து டி.சி.யையும் நிறுத்தும்போதே வாங்கிவிடுங்கள்.

இப்போது அவள் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். சேர்க்கையின்போது மதிப்பெண் பட்டியலோடு திறந்தநிலைப் பள்ளி தந்த இடப்பெயர்வு மற்றும் மாற்றுச் சான்றிதழையும் (மைக்ரேஷன், டி.சி. இரண்டும் சேர்ந்தது) கேட்டார்கள். மூலப்பிரதி ஒன்றுதான் வரும். நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.