சைல்ட்மைண்டர் வீட்டில் வருத்தம் என்றால் காசு யார் கட்டுவது?

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டரிடம், அதாவது தன் வீட்டில் மற்றவர் பிள்ளைகளைக் காசுக்குப் பார்ப்பவரிடம், விடும் பிள்ளைக்கு வருத்தம் என்றால் கணக்கில் குழப்பம் இல்லை. பிள்ளை வராது, காசு முழுதாகக் கட்ட வேண்டும். இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களே. சைல்ட்மைண்டரே படுத்துவிட்டாலும் குழப்பம் குறைவுதான். கதவு பூட்டு, அன்றைக்குக் காசு இல்லை. சைல்ட்மைண்டரின் மகன் விடிய இரண்டு மணிக்குச் சத்தி எடுத்தால்? கணவர் காய்ச்சலோடு மேல்மாடியில் கிடந்தால்? கூட இருக்கிற அம்மாவை அம்புலன்ஸில் ஏற்றினால்? பல வருடம் நல்லபடியாகப் பழகியவர்கள்கூட முகம் கோணுவது இந்த இடத்தில்தான்.

காரணம் இருக்கிறது. எந்த நோய்க்குப் பிள்ளை எத்தனை நாள் வரக்கூடாது என்று பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு முகமை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பாடசாலைக்கும் நேர்சரிக்கும் அது அழகாகப் பொருந்தும்: நோயுள்ள பிள்ளை வீட்டில் நிற்கட்டும். சைல்ட்மைண்டரின் பிள்ளைக்கு அந்த வீடே வீடு. அதை எங்கே அனுப்புவது?

வருத்த நாளுக்குக் கட்டணம் எவ்வளவு என்று சட்டம் வகுத்து வைக்கவில்லை. பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஒஃப்ஸ்டெட் காசுத் தகராறில் தலையிடாது. சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கான அரசின் ஈ.வை.எஃப்.எஸ் விதிகள் கேட்பது, தொற்று பரவாமல் நடவடிக்கை எடுக்க வேண்டும், நோய் வந்தால் என்ன செய்வது என்ற நடைமுறையைப் பெற்றோரோடு பேசி வைத்திருக்க வேண்டும் என்பதை மட்டும். மிச்சம் முழுவதும் ஒப்பந்தத்தின் பாடு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கதவை மூடியது யார்? சைல்ட்மைண்டர் மூடினால் காசு இல்லை. அவர் திறந்திருக்க, பெற்றோர் பிள்ளையை அனுப்பாவிட்டால் காசு உண்டு. இதைத்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். “வருத்தம் வந்தால் பேசிக்கொள்ளலாம்” என்று விடுவதுதான் பிறகு பகையாக வருகிறது. விடிய ஆறு மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில் ஒருவராலும் நியாயமாகப் பேச முடியாது.

சத்தியும் வயிற்றோட்டமும்தான் அடிக்கடி வருவது. விதி 48 மணித்தியாலம். எண்ணத் தொடங்குவது முதல் சத்தியிலிருந்து அல்ல, கடைசியிலிருந்து. செவ்வாய் விடிய மூன்று மணிக்குக் கடைசியாக எடுத்தால், வியாழன் விடிய மூன்று மணியோடு முடிகிறது. செவ்வாயும் புதனும் மூடல், வியாழன் காலை திறக்கலாம். ஆனால் வியாழன் திறப்பேன் என்று செவ்வாயே வாக்குக் கொடுக்காதீர்கள். நோரோவைரஸ் உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணித்தியாலத்தில் காட்டும். புதன் இரவு கணவர் சத்தி எடுத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். “வியாழன் திறக்க எண்ணியிருக்கிறேன், புதன் இரவு எட்டு மணிக்கு உறுதி சொல்கிறேன்” என்று அனுப்புவதுதான் சரி. பெற்றோர் அதற்கு ஏற்ப வேலையிடத்தில் பேசிவைப்பார்கள்.

வீட்டில் இரண்டு டொய்லெட் இருந்து, நோயாளியைப் பார்க்க இன்னொரு பெரியவரும் இருந்தால் சிலர் திறந்து வைப்பார்கள். ஒரு டொய்லெட், ஒரு குசினி உள்ள வீட்டில் அது வேண்டாம். நோயாளியின் சாப்பாட்டையும் துணியையும் தொடுகிற அதே கை, கைக்குழந்தையின் போத்தலையும் கழுவுகிறது. எப்படியானாலும், திறப்பதென்றால் பிள்ளைகள் வாசலுக்கு வருமுன் ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்லியாக வேண்டும். துப்பரவில் ஒரு பிழை பரவலாக நடக்கிறது: அல்ககோல் ஜெல்லை நம்புவது. நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் கைக்கு, பிளீச் கலந்த நீர் தரைக்கும் கதவுப்பிடிக்கும், அழுக்கான துணிக்கும் துவாய்க்கும் 60 பாகைச் சலவை.

கொப்பளிப்பான் வேறு மாதிரி. இங்கே தமிழர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து அம்மா “சின்னமுத்து” என்றால் அது மீசில்ஸ். தமிழ்நாட்டு அம்மா “சின்னம்மை” என்றால் அது சிக்கன்பொக்ஸ், நாங்கள் கொப்பளிப்பான் என்பது. இரண்டு சொல்லும் காதில் ஒன்றுபோல விழும். ஆனால் மீசில்ஸ் பரவும் வேகமும் ஆபத்தும் அதிகம். வட்ஸ்அப்பில் செய்தி போடும்போது ஆங்கிலப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

கொப்பளிப்பானுக்கு விதி, தடிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 நாள், அதோடு எல்லாக் கொப்பளமும் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். மீசில்ஸுக்கு 4 நாள், பிள்ளை தேறியும் இருக்க வேண்டும். சைல்ட்மைண்டரின் மகளுக்கு இன்று கொப்பளம் தெரிந்தால், அவள் ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றைப் பரப்பத் தொடங்கியிருப்பாள். அந்த வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தொட்டிருந்தால் ஏற்கெனவே தொட்டுவிட்டது. காட்ட 10 முதல் 21 நாள் எடுக்கும். ஆகையால் இந்த நோயில் கதவை மூடுவதைவிட அன்றைக்கே சொல்வது பெரிது. பெற்றோரில் கர்ப்பிணி இருக்கலாம், வீட்டில் பிறந்து சில நாளான குழந்தை இருக்கலாம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் யாரும் இருக்கலாம். அவர்கள் அன்றே தங்கள் மிட்வைஃபுடன் அல்லது ஜீபியுடன் பேச வேண்டும். பின்னேரம் கூட்டிக்கொண்டு போகும்போது சொல்லலாம் என்று வைத்திருக்கிற செய்தி அல்ல இது.

காசு? சைல்ட்மைண்டர் திறந்திருக்கிறார், பெற்றோர் பயந்து அனுப்பவில்லை என்றால் வழக்கப்படி முழுக் கட்டணம். ஆனால் கர்ப்பிணித் தாய்க்கும், பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கும், சிகிச்சையில் உள்ளவர்களுக்கும் அதை விருப்பத்தின் பேரில் நிற்பாட்டியதாக எடுக்கக் கூடாது. அவர்களிடம் காசு வாங்காமல் விடுவதுதான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் இரு பக்கமும் தாங்கும். எங்கள் வீடுகளில் தலைக்கு நீர் வார்க்கும்வரை வெளியாரை உள்ளே விடாத வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை மதிப்பது சைல்ட்மைண்டரின் உரிமை. ஆனால் ஐந்து நாளுக்கும் பொருக்குக்கும் அப்பால் அதற்காக மூடும் நாட்களும் அவர் மூடிய நாட்கள்தான், காசு இல்லை.

கை கால் வாய் வருத்தம், கண்ணோய், பேன் இவற்றுக்கெல்லாம் பிள்ளையை நிற்பாட்டத் தேவையில்லை. பெற்றோர் பிள்ளையை மறித்து வைத்தால் முழுக் கட்டணம். கொவிட் பரிசோதனையில் உறுதியானால் பிள்ளைக்கு 3 நாள், பெரியவருக்கு 5 நாள் ஒதுங்கச் சொல்கிறார்கள்.

தொற்றாத வருத்தம்தான் சைல்ட்மைண்டருக்கு உண்மையான சோதனை. பகல் பதினொரு மணிக்கு அவரின் அப்பாவுக்கு நெஞ்சுவலி, வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். பலர் அம்மாவிடமோ தங்கையிடமோ பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடுவார்கள். அப்படிச் செய்ய முடியாது. ஒரே வீட்டில் இருக்கும் 16 வயதுக்கு மேற்பட்டவர் என்பதால் அந்த அம்மாவுக்கு டி.பி.எஸ் என்ற குற்றப்பின்னணிச் சோதனை எடுத்திருப்பார்கள், அது அவரை உதவியாளர் ஆக்காது. முறைப்படி அனுமதிக்கப்பட்ட உதவியாளரிடம், பெற்றோரின் சம்மதத்தோடு, அவரிடம் குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழும் இருந்தால், ஒரு நாளில் அதிகபட்சம் 2 மணித்தியாலம் விடலாம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் பெற்றோர் வந்து சேர வேண்டும். எனவே அவசரத் தொலைபேசி எண்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டுக்கு மேல், கைபேசியில் மட்டுமல்ல கடதாசியிலும் இருக்கட்டும். அன்றைய கட்டணத்துக்கு நல்ல வரி: “சைல்ட்மைண்டர் நடுவில் மூட நேர்ந்தால், பிள்ளை நின்ற மணித்தியாலத்துக்கு மட்டும்.”

பக்கத்து வீட்டு அக்காவிடம் கைக்காசுக்கு விடுவதும் ஆபத்து. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் வீட்டில் காசுக்கு ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பார்ப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு என்றால் இன்னொரு பதிவுபெற்ற சைல்ட்மைண்டர்தான், அவரிடமும் இடம் இருக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் மொத்தம் ஆறு, அதில் சின்னவர்கள் (ஏறக்குறைய ஐந்து வயதுவரை) மூன்று, ஒரு வயதுக்குக் கீழ் பொதுவாக ஒன்று. சுகமாக இருக்கும் காலத்திலேயே அவரிடம் ஒருமுறை பிள்ளையைக் காட்டி, படிவமும் மருந்துச் சம்மதமும் நிரப்பி வையுங்கள். அவருக்கான காசு நேராக அவருக்கு. மூடிய சைல்ட்மைண்டருக்கு அந்த நாளுக்கு இல்லை.

சைல்ட்மைண்டர் மூடிய நாளுக்கும் காசு எடுக்கிறேன் என்று எழுதலாமா? சிலர் எழுதுகிறார்கள். 2020 ஜூலையில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நேர்சரித் துறைக்கு எழுதிய பகிரங்கக் கடிதம், சேவை கிடைக்காத காலத்துக்குப் பெற்றோரிடம் கட்டணம் கேட்பது நியாயமற்ற நிபந்தனையாகலாம் என்று எச்சரித்தது. அதேநேரம் சைல்ட்மைண்டர் சுயதொழில்காரர், சம்பளத்தோடு வருத்த விடுப்பு அவருக்குக் கிடையாது. அந்த இழப்பை விலைக்குள் முதலே போடுவதுதான் வழி. மணிக்கு 7 பவுண், நாளுக்குப் பத்து மணித்தியாலம், மூன்று பிள்ளைகள் என்றால் ஒரு மூடிய நாள் 210 பவுண். வருடத்தில் எட்டு நாள் என்று வைத்தால் 1,680 பவுண். அதை மூன்று பிள்ளை, 220 நாள் என்று பிரித்தால் பிள்ளைக்கு நாளுக்கு ஏறக்குறைய 2.55 பவுண், மணிக்கு 25 பென்ஸ். இதைக் கூட்டி விலை சொல்லுங்கள். மூடிய நாளில் கை நீட்ட வேண்டி வராது.

கழிக்கும் கணக்கில் நடக்கும் பிழை பெரிது. கிழமைக்கு நான்கு நாள், நாளுக்கு 70 பவுண் என்றால் மாதக் கட்டணம் 280 பெருக்கல் 52, வகுத்தல் 12, அதாவது 1,213.33 பவுண். ஒரு நாள் மூடினால் அதை 30 ஆல் வகுத்து 40.44 பவுணைக் கழிப்பார்கள். பிழை. கழிக்க வேண்டியது 70.

அரசின் இலவச 30 மணித்தியாலம் கலந்திருந்தால் இன்னும் கவனம். வருடத்துக்கு 1,140 மணித்தியாலம். 51 கிழமைக்கு நீட்டினால் கிழமைக்கு 22.35. நாற்பது மணித்தியாலக் கிழமையில் பெற்றோர் காசு கொடுப்பது 17.65 மணித்தியாலத்துக்கு, 123.55 பவுண். நான்கு நாளுக்குச் சமமாகப் பிரித்திருந்தால் ஒரு மூடிய நாளுக்குத் திருப்ப வேண்டியது 30.89 பவுண், 70 அல்ல. மிச்சம் உள்ளூர்க் கவுன்சில் கொடுக்கும் காசு. அந்த மணித்தியாலங்களை வேறொரு நாளில் கொடுப்பதா, கவுன்சிலுக்குச் சொல்வதா என்பதைக் கவுன்சிலோடு செய்த ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும். பெற்றோரிடம் அந்த மணித்தியாலங்களுக்குக் காசு கேட்க முடியாது.

வரவுப் பதிவேட்டில் வெறும் “வரவில்லை” போதாது. “சைல்ட்மைண்டர் மூடல், வீட்டில் வயிற்றோட்டம்” என்றும் “பெற்றோர் அனுப்பவில்லை, காலை 7.10க்குச் செய்தி” என்றும் வேறுபடுத்தி எழுதுங்கள். மாதக் கடைசியில் பில் இதிலிருந்துதான் வரும். 2025 செப்டம்பரிலிருந்து, சொல்லாமல் பிள்ளை வராவிட்டால் பின்தொடர்ந்து விசாரிக்க வேண்டியதும் விதிகளில் இருக்கிறது. செய்தி அனுப்பாத பெற்றோருக்கு அன்றே தொலைபேசி எடுங்கள். பராமரிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கோ அதற்கு மேலோ உணவு நஞ்சானால் 14 நாளுக்குள் ஒஃப்ஸ்டெட்டுக்கு அறிவிக்க வேண்டும்.

நீண்ட வருத்தத்துக்கும் ஒரு வரி வேண்டும். சைல்ட்மைண்டரின் வீடு தொடர்ந்து பத்து வேலை நாள் மூடியிருந்தால் பெற்றோர் நோட்டீஸ் இல்லாமல் விலகலாம், வைப்புப் பணம் திரும்பும் என்று எழுதுங்கள். நோட்டீஸ் நான்கு கிழமை என்று பிடித்து வைப்பது, பிள்ளையை விட இடமில்லாமல் நிற்கும் குடும்பத்துக்குக் கொடுமை. வீட்டில் வருத்தக்காரருக்கு வந்த மருந்துகள் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். தூக்கம் வரவைக்கும் மருந்தைச் சைல்ட்மைண்டரே எடுத்தால், பிள்ளை பார்க்கலாமா என்று டொக்டரிடம் முதலில் கேட்க வேண்டும்.

பெற்றோர் பக்கத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: 1996 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், பிள்ளைப் பராமரிப்பு ஏற்பாடு திடீரென்று குலைந்தால் நியாயமான அளவு நேரம் வேலையிலிருந்து விலகும் உரிமையை ஊழியருக்குத் தருகிறது. சம்பளம் கிடைக்காது, ஆனால் அதற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது. முடிந்த அளவு விரைவில் காரணத்தைச் சொல்ல வேண்டும். சைல்ட்மைண்டரின் விடியற்காலைச் செய்தியை அப்படியே முதலாளிக்கு அனுப்பலாம். டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயர் என்ற அரசு உதவிக் கணக்கிலிருந்து ஏற்கெனவே கட்டியிருந்தால், கைக்காசாகத் திருப்பி வாங்காமல் அடுத்த மாதப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். அதில் பெற்றோர் போடும் ஒவ்வொரு எட்டுப் பவுணுக்கும் அரசு இரண்டு பவுண் சேர்க்கிறது.